ஒரு சென்டிமார்கன் என்றால் பத்து லட்சம் கார இணையா?

மெண்டல்தாசன்: பக்கத்துத் திரியில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "சென்டிமார்கனைப் பத்து லட்சத்தால் பெருக்கு, கார இணை வந்துவிடும். அப்புறம் நோய் மரபணுவைத் தூக்குவது வெறும் கைவேலை." படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. சென்டிமார்கன் மரபியல் தூரம்: நூறு மயாசிஸுக்கு (விந்து, முட்டை உருவாகும் செல் பிரிவு) ஒரு மறுசேர்க்கை, அதாவது இணைக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது. கார இணை டிஎன்ஏவின் நீள அலகு. ஹன்டிங்டன் என்ற பரம்பரை நரம்பு நோய்க்கு 1983-லேயே குசெல்லா குழு ஜி8 மார்க்கரை (குடும்பத்தில் பின்தொடரக்கூடிய டிஎன்ஏ அடையாளம்) 4-ஆம் குரோமோசோமில் பிடித்துவிட்டது. மரபணு கைக்கு வந்தது 1993-ல். பெருக்கல்தான் வேலை என்றால் பத்து வருஷம் எதற்கு?

நூல்நுனி: எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். ஜீனோம் (மனிதரின் மொத்த டிஎன்ஏ) 300 கோடி கார இணை, ஆண்-பெண் சராசரி மரபியல் வரைபடம் சுமார் 3600 சென்டிமார்கன். வகுத்தால் எட்டு லட்சத்துச் சொச்சம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில், 7-ஆம் குரோமோசோமின் மெட், டி7எஸ்8 மார்க்கர்களுக்கு நடுவே சுமார் 15 லட்சம் கார இணை, மரபியல் தூரம் ஒன்றிரண்டு சென்டிமார்கன். பத்து லட்சம் சரியாகத்தானே வருகிறது?

மெண்டல்தாசன்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள், நீங்கள் சராசரியைப் போடுகிறீர்கள். பெண்களின் வரைபடம் ஆண்களுடையதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நீளம். அதே டிஎன்ஏ, அதே கார இணை! சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுக்கு) பக்கத்தில் மறுசேர்க்கை அடங்கிக் கிடக்கும்; அங்கே ஒரு சென்டிமார்கனுக்குள் பல பத்து லட்சம் ஒளிந்திருக்கும். ஆண்களிடம் குரோமோசோம் நுனியில் மறுசேர்க்கை அதிகம், அங்கே கணக்கு தலைகீழ். ஹன்டிங்டன் மரபணு 4-ஆம் குரோமோசோமின் நுனியில்தான் இருக்கிறது.

இன்னொன்று. மறுசேர்க்கையே இல்லாத 10 மயாசிஸ் கிடைத்தால் லாட் மதிப்பு (சான்றின் பலம்) 3 வந்துவிடும், மார்க்கருக்கும் மரபணுவுக்கும் பிணைப்பு உண்டு என்று சொல்லலாம். தூரம்? 100 மயாசிஸில் ஒன்றுகூட மறுசேரவில்லை என்றாலும், 95 சதவீத நம்பிக்கையில் 3 சென்டிமார்கன் வரை இருக்கலாம். எதைப் பத்து லட்சத்தால் பெருக்குவீர்கள்?

பிளாட்பேப்பர்: 3 சென்டிமார்கன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 30 லட்சம். குளோன் என்பது நகலெடுத்து வைத்த டிஎன்ஏ துண்டு; ஒன்றின் நுனியை வைத்து அடுத்ததைப் பிடித்து நடக்கணும். லாம்ப்டா வைரஸில் ஏற்றிய குளோனில் ஒரு அடிக்கு 15, 20 ஆயிரம்தான் நகரலாம், காஸ்மிட் (இன்னும் பெரிய துண்டு ஏற்றும் வகை) என்றால் 40 ஆயிரம். குளோன் நுனியை வெட்டிப் புரோப் (பொருந்தும் டிஎன்ஏவைத் தேடி ஒட்டும் துண்டு) ஆக்கணும். அதில் ஆலு ரிப்பீட் (ஜீனோம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் துண்டு) இருந்தால், எங்கும் ஒட்டி ஃபில்டர் முழுக்கக் கறுத்துவிடும். உடைத்த மனித டிஎன்ஏவைப் புரோபோடு முன்கூட்டியே சேர்த்து அடக்கணும். அடங்கவில்லையா, ரிப்பீட் இல்லாத வேறு துண்டைத் தேடணும். புதுக் குளோன் வந்ததும், மனிதரின் 7-ஆம் குரோமோசோம் மட்டும் உள்ள ஹைப்ரிட் (வேற்று விலங்குச் செல்லோடு இணைத்த) செல் டிஎன்ஏவில் போட்டுப் பார்க்காமல் அடுத்த அடி வைத்தால், எந்தக் குரோமோசோமில் நடக்கிறோம் என்றே தெரியாது. யாக் (ஈஸ்டில் வளர்க்கும் மிகப் பெரிய துண்டு) குளோனில் இரண்டு குரோமோசோம் துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு நுனியையும் தனித்தனியாகச் சோதிக்கணும். இதெல்லாம் "வெறும் கைவேலை"யா?

நூல்நுனி: அதனால்தான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் 1989-ல் சூயி, கொலின்ஸ், ரியோர்டன் குழுக்கள் நடையோடு தாவலும் (நடுவில் உள்ளதை விட்டுத் தாண்டுவது) செய்து சுமார் 280 ஆயிரம் கார இணையைக் கடந்தார்கள். எந்தப் பக்கம் போவது என்று காட்டியது மரபியல் வரைபடம். போன மாதம் சதர்ன் பிளாட் திரியிலும் நீங்கள் இருவரும் இப்படித்தான் கூட்டணி போட்டீர்கள்.

வடமராட்சியான்: நிறமூர்த்தம் என்று எழுதுங்கோ. குரோமோசோம் எண்டு தமிழ்த் திரியிலை ஏன்? ஜீனுக்கும் எங்கட பாடப்புத்தகத்திலை பரம்பரையலகு எண்ட சொல் இருக்கு.

பிளாட்பேப்பர்: எங்கள் புத்தகத்தில் மரபணு. நிறமூர்த்தம் என்றால் இங்கே சாமி சிலை என்று நினைப்பார்கள்.

வடமராட்சியான்: உங்களுக்கு விளங்காட்டி அது சொல்லின்ரை பிழையில்லை.

மெண்டல்தாசன்: சொல் சண்டையை வேறு திரியில் வையுங்கள். நூல்நுனி, திசை காட்டியது என்கிறீர்களே, ஹன்டிங்டனில் என்ன திசை காட்டியது? சில மறுசேர்க்கைகள் மரபணு நுனியிலேயே என்றன, சில உள்ளே என்றன. இரண்டும் சேர்ந்து உண்மையாக முடியாது. நுனியை நம்பி 1990-ல் டெலோமியர் (குரோமோசோம் நுனி) யாக் குளோன்வரை எடுத்தார்கள். மரபணு உள்ளே இருந்தது. இடத்தைச் சுருக்கியது குடும்பங்களின் ஹாப்லோடைப் (ஒரே குரோமோசோமில் சேர்ந்து வரும் மார்க்கர் தொகுப்பு) ஒப்பீடு. பிறகு ஐடி15 என்ற மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வந்து நீண்டிருந்ததைக் கண்டார்கள். 40 தடவையோ அதற்கு மேலோ வந்தால் நோய் உறுதி. இதில் உங்கள் பத்து லட்சம் எங்கே?

நூல்நுனி: ஹாப்லோடைப் எதிலிருந்து வந்தது? மரபியல் மார்க்கரிலிருந்து!

பிளாட்பேப்பர்: மார்க்கரை மட்டும் நம்பினால் 1987 கதிதான். மெட் பக்கத்தில் சிபிஜி தீவை (மரபணுவின் தொடக்கத்தில் அடிக்கடி இருக்கும் டிஎன்ஏ பகுதி) பார்த்து, ஐஆர்பி என்ற மரபணுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மரபணு என்றார்கள். நோயாளிகளிடம் அதில் பிறழ்வே இல்லை. உண்மையான மரபணுவான சிஎஃப்டிஆர்-க்கு, மாட்டு டிஎன்ஏவோடும் ஒட்டிய துண்டைப் பிடித்து, வியர்வைச் சுரப்பி சிடிஎன்ஏ (அங்கே இயங்கும் மரபணுக்களின் நகல்) நூலகத்தில் ஒரே ஒரு குளோனைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அந்தத் துண்டோடு பொருந்தியது நூற்றுச் சொச்சம் கார இணைதான்.

நூல்நுனி: அங்கே கொண்டுபோய் நிறுத்தியது யார்? சராசரி பத்து லட்சம்தான். மாற்றி எழுத மாட்டேன்.

மெண்டல்தாசன்: சராசரியில் யாருக்கும் நோய் வருவதில்லை. ஆண் வரைபடமா, பெண் வரைபடமா? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், எதைப் பெருக்கினீர்கள்?

வடமராட்சியான்: நிறமூர்த்தம்.