குளுவாங்: செம்பனை அடியில் மேயும் பசுக்கள் சினை பிடிக்கவில்லை, என்ன செய்யலாம்?

தோட்டத்துப்பட்டி:
வணக்கம். நிர்வாக அனுமதியோடு செம்பனை அடியில் முப்பது பசுக்களும் ஒரு காளையும் மேய்க்கிறேன். இறைச்சிக்கான வளர்ப்பு, ஹாஜிப் பெருநாள் நெருங்கினால் காளைகளைக் கேட்டு ஆள் வரும். அப்பா வைத்திருந்த கெடா-கிளந்தான் என்ற உள்நாட்டுச் சிற்றினப் பசுக்கள் வருடம் ஒரு கன்று போட்டன. அவற்றோடு பிராமன் என்ற பெரிய இனக் காளையைச் சேர்த்துப் பிறந்த பெரிய பசுக்கள்தான் இப்போது பாதிக்கு மேல். ஈன்று ஒரு வருடமாகியும் பல இன்னும் சினை பிடிக்கவில்லை. இரண்டு பசுக்கள் மாதம் நிறையுமுன் கன்றைப் போட்டுவிட்டன. காளையை மாற்றவா? ஊசி ஏதும் உண்டா?

பழைய மண்டோர்:
ஊசியை விடுங்கள், தம்பி. சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமானால் மிச்சம் 82 நாள்தான். அதற்குள் ஈன்ற உடம்பு தேறி, பருவத்துக்கு வந்து, சினையும் பிடிக்க வேண்டும். எலும்பும் தோலுமாக ஈன்ற பசுவுக்கு இது நடக்கிற காரியமா?

காலையில் பட்டியைத் திறக்குமுன் ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கடைசி ஒன்றிரண்டு விலா தெரிந்தால் கவலையில்லை. விலா எல்லாம் தெரிந்து, முதுகெலும்பின் முனைகளையும் ஒவ்வொன்றாக எண்ண முடிந்தால் அதற்குத் தீனி போதவில்லை. பெரிய மாட்டுக்குப் பெரிய வயிறு. புல் மட்டும் அப்பா காலத்துப் புல்தானே! மரங்களுக்கு என்ன வயது? கன்றுகளை எப்போது பிரிக்கிறீர்கள்?

தோட்டத்துப்பட்டி:
மரங்களுக்குப் பன்னிரண்டு வயது, அண்ணே. கன்றுகளைப் பிரிப்பதில்லை. தாயின் உயரத்துக்கு வந்த கடாக்கன்றுகூட இன்னும் மடியை முட்டுகிறது.

பழைய மண்டோர்:
பசுக்கள் மெலிவதற்கு இந்த இரண்டும்தான் காரணம். ஓலை மூடிய நிழலில் புல் மெலிந்துபோகும். கன்று ஆறேழு மாதத்தில் பிரிய வேண்டும். இல்லாவிட்டால் தாய் தின்பதெல்லாம் பாலாகவே போகும். நிறைசினைப் பசுக்களுக்கு ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே நேப்பியர் புல்லோடு செம்பனைப் புண்ணாக்கும் கொடுங்கள். கொஞ்சத்தில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள், உப்புக்கட்டியும் தொங்கட்டும். செம்மறி ஆடு இருந்தால் அந்தப் புண்ணாக்கை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள செம்பு செம்மறிக்கு விஷம். களைக்கொல்லி அடிக்கும் நாள்களையும் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

கால்நடை உதவியாளர்:
தீனிப் பேச்சு சரி, ஆனால் என் கண் அந்த இரண்டு கருச்சிதைவில்தான் நிற்கிறது. சினையின் பிற்பாதியில் கன்று விழுந்தால், கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லோசிஸ் என்ற பாக்டீரியா நோயைச் சந்தேகிக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி. விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், காய்ச்சாத பாலைக் குடிக்காதீர்கள். மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் சொல்லி எல்லா மாடுகளுக்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். காளை எத்தனை வருடமாக இருக்கிறது?

தோட்டத்துப்பட்டி:
ஏழு வருடம், ஐயா.

கால்நடை உதவியாளர்:
அப்படியானால் இப்போது தன் மகள்களோடே சேர்ந்துகொண்டிருக்கிறது. முப்பது பசு ஒரு காளைக்கு அதிகம், இருபத்தைந்து போதும். பிராமனையும் கெடா-கிளந்தானையும் கலந்து மார்டி என்ற மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பிராக்மாஸ் இனக் காளை உங்கள் மந்தைக்குப் பொருந்தும். ஆனால் அவசரப்பட்டு இன்றே வாங்கி உள்ளே விடாதீர்கள். பரிசோதனை முடிவு வரட்டும். அதுவரை ஒரு மாடும் பட்டிக்குள் வரவும் வேண்டாம், பெருநாள் ஆள் எவ்வளவு கேட்டாலும் வெளியே போகவும் வேண்டாம்.