15.8.1947 வரைபடத்தில் எந்தக் கோட்டை வரைவது?

மேலூர் வாத்தியார்:
சுதந்திர தினக் கண்காட்சிக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 15.8.1947 அன்றைய இந்தியா, பாகிஸ்தான் படத்தை சார்ட்டில் வரைகிறார்கள். முர்ஷிதாபாத் ஒரு புத்தகத்தில் பாகிஸ்தானில் இருக்கிறது, இன்னொன்றில் இந்தியாவில். குர்தாஸ்பூரும் அப்படியே. எது சரி?

வைகைக்கரை:
ரெண்டும் சரிதான் சார், தேதிதான் வேற. ராட்கிளிஃப் கோட்டை, அதாவது ரெண்டு நாட்டுக்கும் நடுவுல வரைஞ்ச எல்லைக் கோட்டை, 17-ம் தேதிதான் வெளியிட்டாங்க. அதுவரைக்கும் இந்திய சுதந்திரச் சட்டத்தோட அட்டவணையில இருந்த தற்காலிக மாவட்டப் பட்டியல்தான் எல்லை. 1941 கணக்கெடுப்புல எந்த மதத்தார் அதிகமோ, அதை வச்சு முழு மாவட்டமா பிரிச்சது. முர்ஷிதாபாத், மால்டா, நதியா, குர்தாஸ்பூர் அந்தப் பக்கம். குல்னா நம்ம பக்கம். அதனால 15-ம் தேதி முர்ஷிதாபாத்துல பறந்தது பாகிஸ்தான் கொடி, குல்னாவுல இந்தியக் கொடி. கல்கத்தா துறைமுகத்துக்குத் தண்ணி வர்ற ஆத்தோட மேல்பகுதி முர்ஷிதாபாத்துல இருக்குன்னு அதை இந்தியாவுக்குக் கொடுத்தாங்க, குல்னா அங்கே போச்சு.

சார்ட்டுல பிள்ளைங்க தப்பு பண்ற இடம் இதுதான்: 17-ம் தேதிக் கோட்டுக்கு மாவட்டம் மாவட்டமா வண்ணம் அடிச்சா ஆகாது. குர்தாஸ்பூர்ல நாலு தாலுகா. ஷகர்கர் மட்டும் பாகிஸ்தானுக்கு, மத்த மூணும் இந்தியாவுக்கு. நதியா, மால்டா, தினாஜ்பூரும் உடைஞ்சதுதான். கீழே சார்ட்டுல 15-ம் தேதி நிலை, மேலே ட்ரேஸிங் பேப்பர்ல 17-ம் தேதிக் கோடு. தூக்கிப் பார்த்தா வித்தியாசம் தெரியும்.

தமுக்கம் மைதானம்:
சமஸ்தானங்களைத் தனி வண்ணத்துல காட்டுங்க. காஷ்மீர் இந்தியாவோட சேர்ந்தது 1947 அக்டோபர் 26, ஹைதராபாத் 1948 செப்டம்பர். கோவா, பாண்டிச்சேரி ரெண்டும் அன்னைக்கு அந்நிய ஆட்சி. நம்ம பக்கத்துப் புதுக்கோட்டையை எல்லாரும் மெட்ராஸ் மாகாணத்தோட சேர்த்துப் பூசிடுவாங்க. அது மாகாணத்தோட இணைஞ்சது 3.3.1948-லதான்.

தலைப்புல தேதியைக் கட்டாயம் பெருசா போடுங்க. பக்கத்துலயே இப்போதைய அரசு வரைபடத்தையும் மாட்டிடுங்க. இல்லேன்னா காஷ்மீரைப் பார்த்துட்டு யாராவது வம்புக்கு வருவாங்க.

மேலூர் வாத்தியார்:
நன்றி. பாகிஸ்தானுக்கு 14 என்று போடலாமா?

வைகைக்கரை:
வேண்டாம் சார். சட்டப்படி ரெண்டு நாடும் பிறந்தது 15-ம் தேதி. வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் கராச்சியில பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில பேசினது 14. பாகிஸ்தான்காரங்க இப்போ கொண்டாடுறதும் 14. படத்துக்கு 15 போதும்.