சா பூ த்ரீக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தாழ்வாரம்:
போன மாதம் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் 'சா பூ த்ரீ' என்று ஒரு கட்டுரை தொடங்கினேன். ஆட்டத்துக்கு ஆள் பிரிக்க எல்லோரும் ஒரே நேரத்தில் கையை மல்லாத்தியோ கவிழ்த்தோ வைப்பதுதான் அது; ஒருவர் கை மட்டும் தனியாக விழுந்தால் அவர் 'பழம்', தப்பித்துவிடுவார். மறுநாளே நீக்கல் வார்ப்புரு, அதாவது கட்டுரையை நீக்கச் சொல்லும் அறிவிப்பு, விழுந்துவிட்டது. "குறிப்பிடத்தக்கமை இல்லை, ஆட்டம் தொடங்குமுன் பிள்ளைகள் சும்மா செய்வது" என்று காரணம் போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் எங்கள் குடியிருப்பின் கீழே ஏழெட்டுப் பிள்ளைகள் வட்டமாக நின்று கை வைத்தார்கள். ஒரு பையன் எல்லோர் கையையும் பார்த்துவிட்டு அரை நொடி கழித்துத் தன் கையைத் திருப்பினான். எட்டு வயதுகூட இருக்காது, ஒரு சிறுமி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "லேட் கை செல்லாது, எல்லாரும் திருப்பி வைங்க" என்றாள். அவனும் மறுபேச்சில்லாமல் வைத்தான். இதையா 'சும்மா' என்கிறார்கள்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

கரிசல்மண்:
எங்கள் பக்கம் கபடிக்கு உத்தி பிரிப்போம். சம பலமுள்ள இரண்டு பேர் தள்ளிப் போய் ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டு வருவோம். "தாமரை வேணுமா, மல்லிகை வேணுமா?" தலைவன் ஒரு பூவைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என் ஜோடிக்காரன் மட்டும் எப்போதும் பஸ், லாரி என்று வண்டிப் பெயர்தான் வைத்துக்கொள்வான். எதிரே தலைவனாக நிற்பது அவன் அண்ணன். ஒரு கோடை விடுமுறை முழுக்க அவர்கள் இருவரும் ஒரே அணி. ஒருநாள் வண்டிப் பெயரை நான் பிடுங்கிக்கொண்டேன். அண்ணன் "லாரி" என்றான். நான் போய்ப் பக்கத்தில் நின்றதும் அவன் முகம் போன போக்கை இப்போதும் மறக்க முடியவில்லை.

தோ பாயோ:
சிங்கப்பூரில் இதுவே 'ஓ பே சோம்'. உள்ளங்கை வெள்ளை, புறங்கை கறுப்பு. தொடக்கப்பள்ளியில் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பிள்ளை எங்களோடு நின்று "சா பூ த்ரீ" என்று கை வைத்தாள். நாங்கள் வேறு ஏதோ சொன்னோம். ஆனால் கை எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தது. ஒரு மலாய்த் தோழி, "எங்கள் வீட்டில் 'லாட் தாலி லாட்' என்போம்" என்றாள். அன்று முழுக்க மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே விளையாடினோம்.

பழைய நூலகர்:
நானும் சிறுவயதில் இங்கி பிங்கி பாங்கி சொன்னவன்தான். ஆனால் மேலே எழுதிய மூவருமே நினைவைச் சொல்கிறீர்கள், சான்றைச் சொல்லவில்லை. வார்ப்புரு போட்டவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இப்படிச் செய்யுங்கள். ஹென்றி காரிங்டன் போல்டன் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1888-லேயே பிள்ளைகள் எண்ணிக் கழிக்கும் பாட்டுகளைத் தொகுத்துத் தனி நூலாகப் போட்டிருக்கிறார். இங்கிலாந்தில் ஐயோனா, பீட்டர் ஓப்பி தம்பதி 1969-இல் வெளியிட்ட தெரு விளையாட்டு நூலில் முதல் அத்தியாயமே, ஆட்டத்தைத் தொடங்க ஆள் பிரிப்பது பற்றித்தான். இந்த இரண்டையும் காட்டினால் 'பொருள் அற்பம்' என்ற வாதம் நிற்காது. அப்புறம், தலைப்பை 'சா பூ த்ரீ' என்று வைக்காதீர்கள். 'ஆள் தேர்வு முறைகள்' என்று பொதுவாக வைத்து உத்தி, பூவா தலையா, ஒத்தையா இரட்டையா எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவாருங்கள். ஊர்வாரியாகப் பெயர்களைச் சேருங்கள். பெற்றோர் அனுமதியோடு கைகளை மட்டும் படமெடுங்கள், முகம் வேண்டாம். பெரியசாமித் தூரன் காலத்தில் தமிழில் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் வந்தது. அந்த மொழியில் இதற்கு ஒரு பக்கம் கேட்பது அதிகமில்லை.

சின்னக்கா:
நூலகர் ஐயா, சான்று வேண்டும், சரி. ஆனால் 'லேட் கை செல்லாது' என்பதை 1888-இல் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அதைக் கண்டவர்தான் எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் அடைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. உத்தியில் இரண்டு பேர் கூடிப் பேச வேண்டும், சா பூ த்ரீயில் யாரும் யாரோடும் பேசக் கூடாது. இரண்டும் ஒன்றா?
என் தம்பிக்கு அப்போது நாலு வயது. ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் சேர்த்துக்கொள்வோம். அவனும் வட்டத்துக்குள் தலையை நுழைத்துக் கை வைப்பான், யாரும் அதைக் கணக்கில் எடுக்க மாட்டோம். ஒருநாள் அவன் கை மட்டும் தனியாக மல்லாந்து கிடந்தது. "அக்கா, நான் பழம்தானே?" என்றான். நான், "நீ ஒப்புக்குடா" என்று சொல்லிவிட்டேன். கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.

தாழ்வாரம்:
நன்றி. தலைப்பை மாற்றப் போவதில்லை, ஓப்பி நூலைச் சேர்க்கிறேன். ஒரு விஷயம் மட்டும் உறுதிப்படுத்த வேண்டும். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினால், ஏற்கெனவே பழமான ஒருவரை மூன்றாவது கைக்குக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். உங்கள் ஊரில் யாரைக் கூப்பிடுவீர்கள், முதலில் பழமானவரையா, கடைசியாகப் பழமானவரையா? ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.