வீடியோ பயாஸ் ரோம்: 2 பைட் விலகலைச் சரிசெய்ய உதவுங்கள்

வணக்கம். சேலம் ஐந்து ரோடு அருகே மாணவர்களுக்கு மெய்நிகர் கணினிப் பயிற்சி நடத்துகிறேன். நாங்களே தொகுத்த வீடியோ பயாஸை (திரை அட்டையைத் தொடங்கிவைக்கும், ரோமில் இருக்கும் நிரல்), மாணவர்கள் எழுதிய துவக்க நிரல் ஏற்க மறுக்கிறது.

ரோமின் முதல் இரண்டு பைட்டுகள் ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்ணில் 55, ஏஏ, சரிதான். அளவு 512-இன் மடங்கு. எல்லா பைட்டுகளின் கூட்டுத்தொகையும் 256-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. உதைப்பது ஒன்றே ஒன்று: ரோமின் தொடக்கத்திலிருந்து ஹெக்ஸ் 18 தொலைவில் உள்ள சுட்டி காட்டும் பிசிஐ தரவுக் கட்டமைப்பு (அட்டையின் அடையாள விவரங்கள் அடங்கிய பகுதி). விதிப்படி அது 4-ஆல் வகுபடும் இடத்தில் தொடங்க வேண்டும். எங்களுக்கு 2 பைட் தள்ளி விழுகிறது. அதற்கு முன்னுள்ள பதிப்புரிமை வரியில் ஓர் எழுத்தைக் கூட்டினாலும் இடம் நகர்ந்துவிடுகிறது.

பூஜ்யங்களைக் கையால் செருகுவதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த திருத்தத்திலேயே குலைந்துபோகும். இடத்தைத் தானாகவே 4-இன் மடங்குக்கு நகர்த்தும் சீரமைப்புக் கட்டளையை அசெம்பிளர் கோப்பில் (மூல நிரலில்) இடுவதா, லிங்கர் ஸ்கிரிப்டிலா (நிரல் பகுதிகளை இணைத்து இடம் ஒதுக்கும் கோப்பிலா)? அனுபவமுள்ளவர்கள் ஒரு சிறு மாதிரி நிரலோடு விளக்கினால் மாணவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.