நாலு பத்தா, ஒரு பதினைந்தா?

கேள்வி: ஐந்து கம்பி பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். இத்தனை நாள் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று போட்ட கேபினெட். நேற்று நண்பரின் பெட்டியை, பத்து அங்குல ஸ்பீக்கர் நாலு போட்டதை, மாட்டிப் பார்த்தேன். விரல் கம்பியை விடும் அந்த 'டக்' கூடத் துல்லியமாகக் கேட்கிறது. ஆனால் மிகத் தாழ்ந்த பி கம்பியின் ஒலி மெலிந்துவிட்டது. பத்து அங்குலம் என்றாலே அடி, அதாவது தாழ்ந்த ஒலி, குறையுமா?

பதில்: அளவை மட்டும் வைத்து முடிவு கட்டாதீங்க, பெட்டிதான் பாதி சத்தம். ஆம்பெக் நிறுவனத்தின் பழைய எஸ்விடி பேஸ் பெட்டியில் இருக்கும் எட்டு ஸ்பீக்கரும் பத்து அங்குலம்தான், அதுவும் மூடிய பெட்டி. முன்னால் நின்றால் வயிறு அதிரும். மாடிப்படியில் தூக்கினால் முதுகும்!

பதில்: பி கம்பி சுமார் 31 ஹெர்ட்ஸ். பல பெட்டிகளில் நாம் கேட்பது அதன் இரட்டிப்பான 62-ஐத்தான். பெட்டியைச் சுவர் மூலைக்குத் தள்ளிப் பாருங்க, அடி கூடும்.

கேட்டவர்: சரி, இரண்டையும் சேர்த்து மாட்டலாமா?

பதில்: இரண்டின் மின்தடையும் 8 ஓம் என்றால், இணையாக மாட்டும்போது சேர்ந்து 4 ஓம். ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) அதைத் தாங்குமா என்று அதன் பின்னால் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு மாட்டுங்க. நான் பார்க்காமல் மாட்டி, கச்சேரி நடுவில் ஆம்ப் அணைந்துபோனது.