40 சதவீதம் இருக்கும்போதே அணைந்துபோன கைபேசி: உங்களுக்கும் நேர்ந்ததுண்டா?

பனிப்பாதை:
உறைநிலைக்குக் கீழான குளிரில் மலையேறிக்கொண்டிருந்தபோது, எந்தப் பக்கம் திரும்புவது என்று கேட்க முன்னே சென்ற குழுவினரை அழைத்தேன். மறுமுனையில் ‘ஹலோ’ என்ற குரல் கேட்ட அதே நொடியில் திரை கறுத்துவிட்டது. அழைப்பதற்கு முன் 40 சதவீதம் இருந்ததைக் கண்ணால் பார்த்திருந்தேன். கூடாரத்தில் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றியதும், சார்ஜ் செய்யாமலேயே அது மீண்டும் இயங்கியது. பேட்டரியை மாதம் ஒருமுறை முழுவதும் காலியாக்கி நிரப்பினால் இப்படி நேராது என்கிறார்கள் நண்பர்கள். உண்மைதானா?

நடைவண்டி:
அது நிக்கல்-காட்மியம் பேட்டரிகளின் காலத்து அறிவுரை. 1991 முதல் சந்தையில் இருக்கும் லித்தியம்-அயனி பேட்டரியை அடிக்கடி பூஜ்யத்துக்குக் கொண்டுசெல்வது அதற்குக் கெடுதலே. குளிரில் அயனிகளின் நகர்வு மந்தமாகி பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும் உள்மின்தடை உயர்கிறது. அழைப்பு போன்ற கூடுதல் மின்சாரம் கேட்கும் வேலை வந்ததும் மின்னழுத்தம் சட்டென்று சரிய, கைபேசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. பேட்டரி பழையதானால் இது விரைவில் நேரும். எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. காரின் முகப்பில், வெயிலில், சார்ஜ் ஆகிக்கொண்டே வழிகாட்டிய கைபேசி, சரியாக நாற்சந்தியில் வரைபடத்தை மறைத்து வெப்ப எச்சரிக்கையைக் காட்டியது. பின்னால் ஒலித்த ஹாரன்கள் இன்னும் காதில் இருக்கின்றன. குளிரின் பாதிப்பு பெரும்பாலும் தற்காலிகமானது, ஆனால் வெப்பம் பேட்டரியின் ஆயுளையே நிரந்தரமாகக் குறைக்கும்.

இரவுரயில்:
வெப்பத்தைப் பற்றி நடைவண்டி கூறுவது சரி, ஆனால் ஒருநாள் சார்ஜ் அன்றைக்கே தீர்ந்துபோவதற்கு அது காரணமன்று. ரயிலில் என் எதிரே இருந்தவர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எல்லாச் செயலிகளையும் தள்ளி மூடிக்கொண்டே வந்தார்; இறுதியில், அவசரமாகப் பேச வேண்டும் என்று என் கைபேசியைத்தான் கேட்டார். மூடிய செயலியை மீண்டும் முதலிலிருந்து திறப்பதற்கே கூடுதல் ஆற்றல் செலவாகும். பேட்டரிக்காகச் செயலிகளை மூடத் தேவையில்லை என்று ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி 2016-லேயே ஒரு பயனருக்குப் பதிலளித்திருக்கிறார். உண்மையில் சார்ஜைத் தின்பது பலவீனமான சிக்னல்தான்: கோபுரம் தொலைவில் இருந்தால் கைபேசி அதிகத் திறனுடன் அலைபரப்பும், தொடர்பு அறுந்தால் மீண்டும் மீண்டும் தேடும். மலையில் பேசாத நேரங்களில் விமானப் பயன்முறையை இயக்கிவையுங்கள். கறுப்புப் பின்னணியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பின்னொளி எப்போதும் எரியும் எல்சிடி திரையில் அதனால் பெரிய பயன் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையிலும், 30 முதல் 50 சதவீத ஒளிர்வில் சராசரியாக 3 முதல் 9 சதவீத மின்சாரம் மட்டுமே சேமிக்கப்படும் என்று அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வு 2021-இல் கண்டறிந்தது. ஒளிர்வைக் குறையுங்கள், இருப்பிடச் சேவை தேவைப்படும் செயலிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், இரவு முழுவதும் சார்ஜில் விடுவதானால் 80 சதவீத வரம்பை அமைத்துக்கொள்ளுங்கள்.

பனிப்பாதை:
நான் இரவு சார்ஜைப் பற்றிக் கேட்கவே இல்லை, ஆயினும் நன்றி. அடுத்த முறை கைபேசியை உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புளூடூத் இயர்போனில் பேசலாம் என்றிருக்கிறேன். ஆனால் அதற்குள் இருப்பதும் லித்தியம் பேட்டரிதானே?

நடைவண்டி:
ஆம். கம்பியுள்ள இயர்போனை எடுத்துச் செல்லுங்கள்.