எழுபது கிலோ

'பிளேக்ஸ் 7' தொடரில் ஏவனின் துரோகம் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் கடைசி எபிசோடுக்குத் தாவிவிடுகிறார்கள். பிளேக்கை அவன் சுட்டுத் தள்ளும் காட்சி. எனக்கு அது இரண்டாவது அடிதான். முதல் அடி அதற்கு இரண்டு எபிசோட் முன்பே விழுந்துவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 'பிளேக்ஸ் 7' பிபிசியின் விண்வெளித் தொடர், 1978 முதல் 1981 வரை ஓடியது, நான்கு சீசன், மொத்தம் 52 எபிசோட். கொடுங்கோல் அரசை எதிர்க்கும் பிளேக் என்ற கலகக்காரனும் ஒரு கப்பலில் அவனோடு சுற்றும் கூட்டாளிகளும்தான் கதை. செட்டெல்லாம் தொட்டால் ஆடும் போல இருக்கும். நான் பார்த்தது ரொம்ப வருஷம் கழித்து, டிவிடியில், அண்ணனோடு.

இரண்டாம் சீசனோடு பிளேக் காணாமல் போக, தலைமை ஏவன் கைக்கு வருகிறது. பால் டாரோ நடித்த பாத்திரம். கம்ப்யூட்டர் புலி, வங்கிப் பணத்தை அமுக்கப் பார்த்து மாட்டிக்கொண்டவன். ஊருக்கு உழைக்கிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்தது. கொள்கை பேசிய பிளேக், எதிரியின் தலைமைக் கணினி இங்கேதான் இருக்கிறது என்று எல்லோரையும் பூமிக்கு இழுத்துக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் காலி அறை. திரும்பி வரும்போது கூட்டாளி கான் செத்துப்போனான். ஏவன் தலைவனாக இருந்திருந்தால் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பான் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்கவில்லை.

அதே கூட்டத்தில் இருக்கும் வீலா திருடன், குடிகாரன், பயந்தாங்கொள்ளி. 52 எபிசோடிலும் வருகிற ஒரே ஆள் அவன்தான். ஏவனும் அவனும் சதா ஒருவரையொருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். அதை நட்பு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, 'ஆர்பிட்' எபிசோடுக்கு வருகிறேன். எக்ரோரியன் என்ற கிறுக்கு விஞ்ஞானியிடமிருந்து ஒரு ஆயுதத்தை வாங்கிக்கொண்டு ஏவனும் வீலாவும் ஒரு சின்ன ஷட்டிலில் கிளம்புகிறார்கள். பாரம் அதிகம், ஷட்டில் மேலே எழும்பவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் பிடுங்கி வெளியே எறிகிறார்கள். இன்னும் எவ்வளவு என்று கேட்டால், ஓராக் என்கிற அந்த அகம்பாவம் பிடித்த கணினி எழுபது கிலோ என்கிறது. எழுபது கிலோவுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று ஏவன் எரிச்சலில் கத்துகிறான். வீலாவின் எடை எழுபத்து மூன்று கிலோ என்று பதில் வருகிறது.

ஏவன் ஒரு நொடி அப்படியே நிற்கிறான். அப்புறம் துப்பாக்கியை எடுக்கிறான்.

வீலாவுக்கு அந்தப் பதில் காதில் விழுந்துவிட்டது. எங்கேயோ ஒரு இடுக்கில் சுருண்டு உட்கார்ந்துகொள்கிறான். வீலாவாக நடித்த மைக்கேல் கீட்டிங்கின் முகத்தில் அதுவரை இருந்த கோமாளித்தனம் துளியும் இல்லை. சத்தம் வராமல் அழுகிறான். வெளியே ஏவன் தேடிக்கொண்டு வருகிறான். "வீலா, நீ இங்கேதான் இருக்கேன்னு தெரியும், வா, உன் உதவி வேணும்" என்கிற மாதிரி கூப்பிடுகிறான். மூன்று வருஷக் கதையில் அவனிடம் யாருமே கேட்டிராத குழைவு.

அங்கேயே நிறுத்தினேன். அண்ணனுக்குக் கோபம்.

"ஏன்டா நிறுத்தின? எழுபது கிலோ குறையணும், இல்லைன்னா ரெண்டு பேரும் சாவாங்க. வேற என்ன பண்ணச் சொல்ற?"

"அது இல்லண்ணா. அந்தக் குரலக் கேட்டியா? உதவி வேணும்னு கூப்பிடுறான்."

"பின்ன, கொல்லப் போறேன் வாடான்னா கூப்பிடுவான்?"

அண்ணன் கேட்டதும் நியாயம்தான். ஆனால் என் ஆத்திரம் கணக்கின் மேல் இல்லை. நேருக்கு நேர் வந்து, இரண்டில் ஒருவர்தான் மிஞ்ச முடியும், நான்தான் மிஞ்சப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் அவனை வெறுத்திருப்பேன், துரோகி என்று சொல்லியிருக்க மாட்டேன். வீலா அவன் மேல் வைத்திருந்த நம்பிக்கையையே தூண்டிலில் புழுவாகக் கோத்தான் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

இதில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எழுபது கிலோ என்றதுமே, ஓராக் பதில் சொல்வதற்கு முன்பே, திரையில் என் கண் வீலாவைத் தேடிவிட்டது.

அப்புறம் வீலா தப்பிவிடுகிறான். எக்ரோரியன் ஒளித்துவைத்த, கையடக்கமான ஆனால் அசைக்கவே முடியாத ஒரு பொருள்தான் பாரத்துக்குக் காரணம் என்று ஏவன் கண்டுபிடித்து, முக்கி முனகி அதை வெளியே தள்ளுகிறான். கப்பலுக்குத் திரும்பியதும் இந்தப் பயணத்தை மறக்க மாட்டேன் என்கிறான் வீலா. என்னோடு இருந்தால் பத்திரம் என்று நீதானே எப்போதும் சொல்வாய் என்கிறான் ஏவன். அவ்வளவுதான், எபிசோட் முடிந்தது. ராபர்ட் ஹோம்ஸ் எழுதியது. மனுஷர் ஒரு விளக்கமும் வைக்கவில்லை.

அதனால் 1981 டிசம்பர் 21-இல் வந்த அந்தக் கடைசி எபிசோடைப் பார்த்தபோது மற்றவர்களைப் போல நான் அழவில்லை. கூட்டாளி டாரன்ட் தப்பாகப் புரிந்துகொண்டு பிளேக் நம்மை விற்றுவிட்டான் என்கிறான். ஏற்கெனவே ஒருமுறை போலிப் பிளேக்கை நம்பி ஏமாந்தவன் ஏவன், அந்த வலி எனக்கும் தெரியும். ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுத்தாயா என்று அவன் கேட்டதும் எனக்கு வந்தது எரிச்சல். கேட்கிறவன் பின்னாலேயே வீலா நிற்கிறான், ஐயா!

அண்ணன் இன்றைக்கும் ஏவன் கட்சிதான். நானும் அந்தத் தொடரை விடவில்லை, அதற்கப்புறம் இரண்டு முறை முழுதாகப் பார்த்தாயிற்று. ஷட்டில் காட்சி வரும்போது மட்டும் ஒலியை அணைத்துவிடுவேன்.